மேக்காட்டார் கிணற்றுக் கம்பியைத் திருடாதவர்

தங்கவேலண்ணன் இறந்துபோன செய்தி வந்தபோது என் கைகள் இரண்டும் முழங்கை வரை வார்னிஷாக இருந்தன. யாரோ ஒரு தோட்டத்தாரின் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டி முடித்து, அதைத் தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். புதுச்சத்திரத்தில் மைக் செட் வைத்திருக்கும் செல்வராசு, கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி இறங்காமலே சொன்னான். "அண்ணா, தங்கவேலண்ணன் போயிட்டாருங்க. சேலத்து ஆஸ்பத்திரியில இருந்து வண்டி எடுத்துட்டு வாராங்க." நான் காயிலைக் கொக்கியில் தொங்கவிட்டு, வார்னிஷ் சொட்டி முடியும் வரை அப்படியே நின்றேன். பிறகு மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டு கடையைச் சாத்தினேன்.

எடுப்பதற்கு முன் மாலை போட வந்தவர்களில் மேக்காட்டுத் தோட்டத்துப் பொன்னுசாமியும் ஒருவர். ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை. போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, "நல்ல தொழிலாளிங்க. பழசு எதையும் நாங்க மனசுல வெச்சுக்கலைங்க" என்றார். வைத்துக்கொள்ளவில்லையாம். அவமானப்பட்டவர் பாடையில் கிடக்கிறார், அவமானப்படுத்திய வீட்டுக்காரர் பெருந்தன்மை காட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போகிறார். அந்த மாலையைப் பிடுங்கித் தெருவில் எறிய எனக்குக் கை துடித்தது. எறியவில்லை. பதினோரு வருடமாக எனக்குக் கை துடிப்பதோடு சரி.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு ஒரு சிறு மலர் அச்சடிக்கிறோம், கூடவே இருந்தவர் நீங்கள்தான், நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று மைக் செட் நண்பர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன். நாலு வரியில் அடங்காது, எல்லாம் நல்லதாகவும் இருக்காது. அவரைத் தெரிந்தவர்கள் படிக்கத்தான் எழுதுகிறேன். முக்கியமாக, அன்றைக்கு வேப்பமரத்தடியில் சிரித்தவர்கள் படிக்க வேண்டும்.

இளைஞர்களுக்குத் தெரியாது என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன். தங்கவேலண்ணனின் அப்பா மேக்காட்டார் தோட்டத்தில் மாடு ஓட்டியவர். மகனும் மாடு ஓட்டுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் சேலத்துக்குப் போய் ஒரு ரேடியோ கடையில் வேலை கற்று, தானே ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கட்டி, நாலு குழாய் ஸ்பீக்கர்களோடு மல்லசமுத்திரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். அன்று முதல் எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எல்லாவற்றுக்கும் அவர் செட்டுதான். நான் அவருக்கு ஏழெட்டு வயது இளையவன். மோட்டார் காயில் கட்டும் கடை போட்டிருந்தேன். மின்சாரம் சம்பந்தப்பட்ட ஆட்கள் ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் பழகினோம்.

எங்கள் பக்கத்து வீடுகள் தோட்டத்துக்குத் தோட்டம் தள்ளித் தள்ளி இருப்பவை. ஒரு கல்யாணம் என்றால் பந்தலில் ஒரு குழாய், வண்டித்தடத்துப் புளியமரத்தில் ஒன்று, அடுத்த காட்டுப் பனைமரத்தில் ஒன்று என்று தூரம் தூரமாகக் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் கடைகளில் கிடைத்ததெல்லாம் அலுமினியக் கம்பி. பந்தலில் கணீரென்று கேட்கும் நாதஸ்வரம் பனைமரத்துக்குப் போவதற்குள் சளிப் பிடித்துப் போகும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அவர்தான் ஒவ்வொரு விசேஷத்திலும் கடைசிக் குழாய் வரை நடந்து போய் அடியில் நின்று கேட்பார், முகம் சுண்டித் திரும்பி வருவார். "கடேசிக் கொழாய்க்குக் கீழ நிக்கறவனும் ஒறம்பரைதான ராமசாமி, விசேசத்துக்கு வந்த சொந்தந்தான? அவனுக்கு மட்டும் என்னத்துக்கு அரைச் சத்தம்?" என்பார்.

செம்புக் கம்பி வேண்டும், அதுவும் கலப்பில்லாத செம்பு வேண்டும் என்று அவர் அலைந்த அலைச்சல் தனிக் கதை. என் கடையில் கருகிப்போன மோட்டார்களில் இருந்து அறுத்த செம்பு கிடக்கும். ஒரு துண்டை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துப் பார்ப்பார். நாலாவது வளைப்பில் உடையும். அரத்தால் ராவி வெயிலில் பிடித்து நிறம் பார்ப்பார். "வெந்து செத்த செம்பு சாமி இது, ஆகாது" என்று திரும்பப் போட்டுவிடுவார். டெலிபோன் கம்பி, பழைய பாத்திரம், உடைந்த டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றையும் வளைத்துப் பார்த்தார். ஈயம் கலந்திருக்கும், இல்லாவிட்டால் பித்தளையாக இருக்கும். அவர் சொல்கிற மென்மை எதிலும் இல்லை.

ஈரோட்டில் ஒரு வியாபாரி சுத்தமான செம்பு என்று சொல்லி ஒரு சுருள் கம்பியை அவர் தலையில் கட்டினான். வீட்டுக்கு வந்து கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம். வேறொருவராக இருந்தால் நாலு வசவு வைதுவிட்டு விட்டிருப்பார்கள். இவர் மறுநாள் முதல் பஸ்ஸில் சுருளோடு ஈரோடு போய், அந்தக் கடை வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "சித்த இதப் பாத்துட்டுப் போங்க" என்று ஒரு துண்டைச் சுரண்டிக் காட்டினார். சண்டை போடவில்லை, சத்தமும் போடவில்லை. மத்தியானத்துக்குள் வியாபாரியே வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டான். இவர் சுருளில் பாதிதான் சுரண்டியிருக்கிறேன் என்று சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தார். "நான் மறக்கற சாதியில்ல ராமசாமி. பழி வெச்சாத்தான் எனக்குச் சோறே எறங்குது" என்று அன்றைக்குச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தப் பழி ஒரு நாள் எனக்கும் வரும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் அவருக்குச் செம்பு கிடைத்த இடம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மகளுக்குக் கொலுசு வாங்கப் போனவர், வெள்ளி உருக்கும் இடத்தில் ஒரு சிவந்த கட்டியைப் பார்த்திருக்கிறார். பட்டறைக்காரர் பெயர் அருணாசலம். வெள்ளி கெட்டிப்பட வேண்டும் என்றால் கொஞ்சம் செம்பு சேர்க்க வேண்டும், அந்தச் செம்பில் துளி அழுக்கு இருந்தாலும் கொலுசு விரிசல் விடும், அதனால் தேடிப் பிடித்துச் சுத்தமானதாக வைத்திருக்கிறோம் என்று அவர் சொன்னதைக் கேட்டதும் எங்கள் ஆள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கொலுசு மறந்துபோயிற்று. வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு.

அருணாசலம் முதலில் சிரித்திருக்கிறார், அப்புறம் மனம் இளகியிருக்கிறார். வெள்ளிக் கம்பி இழுக்கிற அதே துளைத் தகட்டில் செம்பையும் இழுத்தார்கள். பெரிய துளையில் ஆரம்பித்துச் சிறிய துளை வரை, நடுநடுவே நெருப்பில் காய்ச்சி ஆறவைத்து இழுக்க வேண்டும். பட்டறையின் நீளம் அவ்வளவுதான் என்பதால் சில முழங்களுக்கு மேல் ஒரே கம்பியாக வராது. துண்டுகளை வெள்ளிப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து நீளமாக்கினார்கள். அதைக் கொண்டுவந்து, களத்தில் ஒரு வேம்பில் முனையைக் கட்டி, அவரும் அவர் மனைவி பாவாயியும் கயிறு திரிப்பது போல ஏழு இழைகளைச் சேர்த்து முறுக்கினார்கள். மேலே சுற்றுவதற்குப் பள்ளிபாளையத்துத் தறிக் கூடத்தில் இருந்து நூல் வந்தது. நூலின் மேல் பூச வார்னிஷ் என் கடையில் இருந்து போனது. இப்படி அரை வருடம் பாடுபட்டு அவர் தன் செட்டுக்குக் கம்பி செய்தார்.

அந்த வருடத்து மாரியம்மன் நோம்பியில் முதல் முறையாக அதைக் கட்டினார். பனைமரத்துக் குழாய்க்கு அடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், பூசாரி பேசினது காதுக்குள்ள வந்து பேசினாப்ல இருந்துச்சு என்று கோயிலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். தங்கவேலண்ணன் அன்றைக்குக் கடைசிக் குழாய்க்குக் கீழே வெகுநேரம் நின்றார். நானும் கூட நின்றேன். ஒரு மனிதனின் முகத்தில் அத்தனை நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நோம்பி முடிந்த வாரமே மேக்காட்டார் கிணற்றில் மோட்டார்க் கம்பி திருட்டுப் போயிற்று. மேலே இருந்த சுவிட்சுக்கும் உள்ளே இருந்த மோட்டாருக்கும் இடையில் ஓடிய பழைய காலத்துத் தடித்த செம்புக் கம்பி அது. எமர்ஜென்சி முடிந்த மறு வருடம் என்று நினைவு. செம்புக்கு அவ்வளவு கிராக்கி இருந்த காலம், கிணற்றுக்குக் கிணறு இந்தத் திருட்டு நடந்தது. அதற்குப் பயந்து மேக்காட்டார் தன் கம்பியில் முழத்துக்கு ஒரு நீலப் பெயின்ட் பட்டை அடித்து வைத்திருந்தார். ஊருக்கே தெரிந்த அடையாளம்.

இப்போது பஞ்சாயத்து நடந்த விதத்தைச் சொல்கிறேன். பகல் பதினோரு மணி, கோயிலுக்கு எதிர் வேப்பமரம், ஊரில் பாதிப் பேர் கூடியிருந்தோம். மேக்காட்டார் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, நிற்க வைத்திருந்த தங்கவேலண்ணனைக் கை காட்டிக் கூட்டத்தைக் கேட்டார். "ஏப்பா, இவனப்பன் எங்க தோட்டத்துல மாடு ஓட்டினவன். இவனுக்கு இத்தன செம்பு எங்கிருந்து வந்துச்சுன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

தங்கவேலண்ணன் அங்கே ஒரு தப்புப் பண்ணினார். தொழில் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நான் திருடவில்லை என்று சொல்லிவிட்டு நின்றிருக்கலாம். அவர் அரை வருடம் பாடுபட்டுச் செய்த கம்பியை எல்லார் முன்னாலும் கத்தியால் அறுத்து, நூலை உரித்து, இழைகளைப் பிரித்துக் காட்டினார். "பாருங்க, நாலஞ்சு மொழத்துக்கு ஒருக்கா வெள்ளிப் பத்து வெச்சு ஒட்டியிருக்குது. கம்பெனிக் கம்பியில இப்பிடிப் பத்து இருக்குமுங்களா? இது செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில இழுத்தது. அருணாசலத்தக் கூட்டியாந்து வேணும்னாலும் கேளுங்க."

மேக்காட்டார் அந்தத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டறையில இழுத்ததுன்னு நீயே ஒத்துக்கிட்ட. எங்க கம்பிய உருக்கி இழுத்திருந்தா அதுலயும் பத்து இருக்குமல்லோ?" என்றார். கூட்டம் சிரித்தது. நோம்பிக்கே கட்டிய கம்பியை, நோம்பி முடிந்து திருட்டுப் போன செம்பில் எப்படி இழுத்திருக்க முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய சாட்சியே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. வெளியூர்க்காரன் பேச்சு இங்கே செல்லாது என்று அருணாசலத்தைக் கூப்பிடவும் விடவில்லை. கட்டிலுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடு, இத்தோடு விட்டுவிடுகிறோம் என்றார்கள். அவர் விழவில்லை. இனிமேல் இந்த ஊர் நோம்பிக்கும் விசேஷத்துக்கும் தங்கவேல் செட்டு வரக் கூடாது என்று தீர்ப்பு ஆயிற்று. சிரித்தவர்களில் பலர் இன்றும் இருக்கிறீர்கள். படத்திறப்புக்கு வரும்போது அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு வாருங்கள்.

சிரிக்காத என்னை நல்லவன் என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் எல்லாரையும்விடக் கேவலமானவன் அந்தக் கூட்டத்தில் நான்தான். ஏனென்றால் நீலப் பட்டை அடித்த அந்தக் கம்பி, அந்த நேரத்தில், என் கடைப் பெஞ்சுக்கு அடியில் சாக்கில் சுருட்டிக் கிடந்தது. கடைக்கும் வேப்பமரத்துக்கும் நூறு அடி இருக்காது.

அதை அங்கே கொண்டுவந்து போட்டது மேக்காட்டாரின் மகன் பொன்னுசாமி. பஞ்சாயத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து, "பழைய கம்பிங்க, மேல இருக்கற ரப்பர எரிச்சுச் செம்பு மட்டும் எடுத்து வெய்யுங்க, பொறவு வந்து வாங்கிக்கறேன்" என்றார். சீட்டாட்டத்தில் அவருக்கு இருந்த நெருக்கடி எல்லாருக்கும் தெரியும். அறுத்த முனை பளபளவென்று புதிதாக இருந்தது. அன்று சாயங்காலமே திருட்டுச் செய்தி கேட்டது. என் கடை இருந்தது மேக்காட்டார் கட்டடத்தில். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நான் எரிக்கவும் இல்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

பஞ்சாயத்து முடிந்த மறுநாள் மேக்காட்டாரே ஒரு மோட்டார் விஷயமாகக் கடைக்கு வந்தார். சாக்கு வாய் திறந்து நீலம் தெரிந்தது. குனிந்து பார்த்தார். பொன்னுசாமி போட்டுவிட்டுப் போனது என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அந்த விஷயத்தில் நான் பேசிய ஒரே உண்மை அது, அதையும் சொல்லக்கூடாத ஆளிடம் சொன்னேன். அவர் சாக்கின் வாயை இழுத்து மூடினார். பிறகு, "இத மூட்டை கட்டித் தோட்டத்துக்கு அனுப்பி உட்டுருப்பா. கடை நம்ம கட்டடத்துலதான இருக்குது, பாத்து இருந்துக்க" என்றார். அனுப்பிவிட்டேன். ஆக, தங்கவேலண்ணன் திருடவில்லை என்று தெரிந்த பிறகும் அந்தத் தீர்ப்பை அவர் மாற்றவில்லை.

அதன் பிறகு தங்கவேலண்ணன் ராசிபுரம், திருச்செங்கோடு என்று வெளியூர்களில் செட்டு ஓட்டினார். ஆனால் ஊரில் இருக்கிற நாளெல்லாம் காலை பத்து மணிக்கு என் கடைக்கு வந்துவிடுவார். எனக்கும் சேர்த்து டீ சொல்வார். பெஞ்சில் உட்கார்ந்து, நான் காயில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழை, ஆடு, அரசியல், எல்லாம் பேசுவார். கம்பியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் எழுந்து போன பிறகுதான் எனக்கு மூச்சு வரும். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் தொண்டை வரை வரும், டீயோடு உள்ளே போய்விடும்.

ஐந்து வருடம் கழித்து மேக்காட்டார் மகள் கல்யாணம் வந்தது. ஈரோட்டில் இருந்து பெரிய செட்டு வரவழைத்திருந்தார்கள். முந்தின நாள் மழையில் நனைந்து, முகூர்த்தத்தன்று காலையில் அதன் ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிட்டது. அந்த வருடங்களில் மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போடாத கல்யாணம் என்றால் எழவு வீட்டுக்குச் சமம். வேறு வழியில்லாமல் பொன்னுசாமி என் கடைக்கு ஓடி வந்து, பெஞ்சில் இருந்த தங்கவேலண்ணனிடம், "ஏனுங்க, சித்த வந்து ஒதவி பண்ணோணும்" என்றார்.

"வாரேன். ஒண்ணே ஒண்ணு. உங்கப்பா மைக்குல வந்து, தங்கவேலு திருடலைன்னு சொல்லோணும். அது போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் அவர். இதைச் சொல்லும்போது அவர் பொன்னுசாமியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

பொன்னுசாமி போய்க் கேட்டுவிட்டு வந்து, அப்பா சரிங்கறாருங்க என்றார். ஒரு மணி நேரத்தில் குழாய்கள் ஏறின. ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்தச் செம்புக் கம்பி எங்கள் ஊர் மரங்களில் ஓடியது. நானும் கூட நின்று கட்டினேன். கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீர் செய்துகொண்டிருந்தார். மேக்காட்டார் பட்டு வேட்டியோடு மைக்கைப் பிடித்தார்.

"வந்திருக்கற ஒறம்பரை அத்தன பேருக்கும் வணக்கமுங்க. நம்ம தங்கவேலு ஒரு காலத்துல தெரியாத்தனமா ஒரு தப்புப் பண்ணீட்டாப்ல. அத நாங்க மன்னிச்சு உட்டுட்டோம். இன்னைக்கு நம்ம ஊட்டு விசேசத்துக்கு அவரே வந்து செட்டுப் போட்டிருக்காப்ல. எல்லாரும் ஒருக்கா கை தட்டுங்க" என்றார். கை தட்டினார்கள். மன்னித்துவிட்டோம் என்ற வார்த்தை பந்தலில் இருந்து பனைமரம் வரை ஒரு எழுத்துக்கூடத் தேயாமல் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு நல்ல கம்பி அது. நூறு ஊர்க் கூட்டத்துக்கு நடுவில், அவர் கையால் செய்த கம்பியிலேயே, அவரை இரண்டாம் தடவை திருடனாக்கினார்கள்.

தங்கவேலண்ணன் அவர் கையில் இருந்து மைக்கை வாங்கினார். "நான் திருடல. இவியளுக்கும் அது தெரியும்" என்றார். அவ்வளவுதான், ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். பிறகு கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார். முழங்கையில் வைத்து, ஒவ்வொரு சுற்றாக, அவசரமே இல்லாமல். கம்பி பந்திக்குள்ளே ஓடியிருந்தது. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் நின்று, "காலத் தூக்குங்க சாமி" என்று சொல்லி எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் பந்தி முழுவதும் வரிசையாகக் காலைத் தூக்கியது. தாலி கட்டும்போது ஒரு குழாயிலும் சத்தம் இல்லை. மேக்காட்டார் முகத்தில் ஈயாடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது. ஆனால் கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்த நான், அந்தப் பந்தலில் அன்றைக்கும் வாய் திறக்கவில்லை. நான் வாய் திறப்பதைத்தான் அவர் எதிர்பார்த்தார் என்பது இப்போது தெரிகிறது.

மேக்காட்டார் அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார், போய்ச் சேர்ந்தார். தங்கவேலண்ணன் மட்டும் என் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. போன மாதம் வயிற்று நோவு முற்றிச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ஆள் பாதியாக இருந்தார். பாவாயியக்காவை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"ராமசாமி, நீலப் பட்டை போட்ட கம்பிய உன்ற பெஞ்சுக்கடியில நான் பஞ்சாயத்துக்கு மொத நாளே பாத்துட்டேன். வார்னிசு வாங்க வந்தேன் பாரு, அன்னைக்கு."

சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்தேன். "அப்பவே சொல்லியிருக்கலாமல்லோங்கண்ணா."

"நான் சொன்னா திருடன் கை காட்டறான்னு சொல்லுவாங்க. நீ சொல்லோணும்னு உட்டேன். நாளைக்குச் சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னுதான் தெனமும் வந்து உக்காந்தேன். உனக்கு டீ வாங்கிக் குடுக்கவா வந்தேன்?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "மேக்காட்டார ஒரே நாள்ல பழி வாங்கீட்டேன். உன்னையத்தான் பதினோரு வருசம் வாங்கினேன். போதுமா பத்தாதான்னு நீயே பாத்துக்க."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிருங்கண்ணா என்றேன். "அத மட்டும் கேக்காத. அந்தப் பேச்ச அன்னைக்கு மைக்குல கேட்டதுல இருந்து எனக்கு ஆவறதில்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

ஆகவே நண்பர்களே, நல்லதாக நாலு வரி என்னிடம் இல்லை. இதை எழுதுகிறேன். மேக்காட்டார் கிணற்றுக் கம்பியை அறுத்தவர் பொன்னுசாமி. தெரிந்துகொண்டு மறைத்தவர் அவர் அப்பா. பார்த்துக்கொண்டிருந்தவன் ராமசாமியாகிய நான். தங்கவேல் திருடவில்லை. மலரில் இதை அச்சிடப் பயந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள், படத்திறப்பில் நானே மைக்கில் படிக்கிறேன். இப்போது பொன்னுசாமி நோம்பிக் கமிட்டித் தலைவர், முன் வரிசையில்தான் நாற்காலி போட்டிருப்பீர்கள். நன்றாகக் கேட்கும்.

கடைச் சாவியை நேற்று கட்டடத்துக்காரரான பொன்னுசாமி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இனி எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பொன்னுசாமிக்கு ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி ஆபீஸ் இருக்கிறது, வருகிறவர்கள் உட்கார உள்ளே ஒரு பெஞ்சும் இருக்கிறது. பதினாறு முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு நான் அங்கே போவேன். இரண்டு டீ சொல்வேன். மழையைப் பற்றிப் பேசுவேன், ஆட்டைப் பற்றிப் பேசுவேன். அடுத்த நாளும் போவேன். தங்கவேல் திருடவில்லை என்று அவர் தன் வாயால் மைக்கில் சொல்லும் வரை போவேன். தங்கவேலண்ணனிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த வேலை ஒன்றுதான், பதினோரு வருடம் எதிரில் உட்கார்ந்து அவரே எனக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார்.